பொட்டு வைத்த சாட்சி

“ஆத்தாடீ... ஓடியாங்களேன்!”

ஆயா மாடத்தி போட்ட அலறலில், செல்லத்தாயின் கையிலிருந்த அரிசித் தட்டு நழுவிச் சிதறியது.

1999-ம் வருட விஜயதசமி, காலை பத்து மணி. ஸ்ரீவில்லிபுத்தூரில் சக்ரபாணி நடத்தும் கல்வி நிலையம். இடப்பக்கம் மழலையர் கல்வி டிப்ளமோ, வலப்பக்கம் கம்ப்யூட்டர் தடயவியல் சர்டிஃபிகேட். இடப்பக்கம் படிப்பவள் செல்லத்தாய். வலப்பக்கம் படிப்பவன் அவளுடைய மாமன் மகன் தனுஷ்கோடி. தை பிறந்தால் இருவருக்கும் கல்யாணம்!

புதுப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதவைத்துக்கொண்டிருந்தவள், அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கம்ப்யூட்டர் அறை.

சக்ரபாணி தரையில் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில் ரத்தக் கறையுடன் ஒரு ஸ்டெபிலைசர்.

அவர் தலையை மடியில் தாங்கி... தனுஷ்கோடி! சட்டையெல்லாம் சிவப்பு.

வாசல் ஓரத்தில், விரலைச் சப்பியபடி சக்ரபாணியின் நாலு வயதுப் பேத்தி கமலி.

“நான் வரும்போதே இப்படித்தான் கெடந்தாரு, செல்லத்தாயி!”

உயிர் இருந்தது, நினைவு இல்லை. ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. போலீஸ் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் வேல்சாமிக்கு எதிலும் அவசரம். நேரே கமலி முன்னால் போய் நின்றார்.

“பாப்பா! இந்த மாமாதானே தாத்தாவை அடிச்சாரு?”

“ஆமா.”

“கேஸ் முடிஞ்சுது! விலங்கை எடுய்யா ரத்தினம்!”

கான்ஸ்டபிள் ரத்தினம் விலங்கை மாட்டினார். தை மாதம் கையைவிட்டுப் போவது செல்லத்தாயின் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அழுதுகொண்டு நிற்கிற பெண் இல்லை அவள்.

“செத்த நேரம் பொறுங்க சார். நானும் ஒண்ணு கேக்கேன்... கமலி, யானைதானே தாத்தாவை அடிச்சுது?”

“ஆமா.”

“இந்தத் தொப்பி மாமாதானே அடிச்சாரு?”

கமலி இன்ஸ்பெக்டரை அண்ணாந்து பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள். “ஆமா!”

ரத்தினம் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

“பதிலை நாமளே சொல்லிக் கேட்டா, சின்னப் பிள்ளைக எல்லாத்துக்கும் ஆமான்னுதான் சொல்லும் சார். எங்க கோர்ஸ்ல மொதப் பாடமே இதுதான்.” செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து, கமலியின் உயரத்துக்கு வந்தாள். “கமலிக்கண்ணு... நீ என்னம்மா பாத்த?”

கமலி யோசித்தாள். வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

“தாத்தா கீழ படுத்திருந்தாரு. தனுசு மாமா ஓடி வந்தாரு. எந்திரிங்க எந்திரிங்கன்னு அழுதாரு.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அப்ப... அடிச்சது யாரு?”

“சக்ரபாணி சாரோட தங்கச்சி புருசன் ஸுந்தரராஜன்தான் சார்! ராஜபாளையம் கிளையைப் பாக்காரு. யுனிவர்சிட்டி பேருல போலி சர்டிஃபிகேட் அடிச்சு வித்திருக்காரு. பூசை முடியட்டும், போலீசுக்குப் போறேன்னு போன வாரம் சார் அவருகிட்ட சத்தம் போட்டாரு. நான் கேட்டேன்,” என்றான் தனுஷ்கோடி.

அந்த நேரம் பார்த்து...

“ஐயோ, மச்சான்!”

நெஞ்சில் அடித்துக்கொண்டு நுழைந்தது சாட்சாத் ஸுந்தரராஜன்!

“பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?” இன்ஸ்பெக்டர் உறுமினார்.

“ராஜபாளையத்துலதான் சார்! எங்க மாடியில, கம்ப்யூட்டர்ல கேள்வித்தாள் அடிச்சுக்கிட்டிருந்தேன். இந்தா, ஃப்ளாப்பி! தேதி, நேரம் எல்லாம் பதிஞ்சிருக்கும்.”

அடிபட்ட மச்சானைப் பார்க்க வருகிறவன் ஆரஞ்சுப் பழம் வாங்கி வருவான். ஃப்ளாப்பியா கொண்டு வருவான்? செல்லத்தாய்க்கு உறுத்தியது.

“நீதான் கம்ப்யூட்டர் துப்பறியிறவனாச்சே. பாத்துச் சொல்லுய்யா!” என்றார் இன்ஸ்பெக்டர்.

விலங்கு மாட்டிய கையோடு தனுஷ்கோடி சுவிட்சைப் போட்டான். விரலில் ஒட்டிய பூஜைக் குங்குமத்தை பேண்ட்டில் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

“இன்னைக்குத் தேதிதான் சார்... காலை பத்து மணி.”

“ஆக, உன் படிப்பே உன்னைக் காட்டிக் கொடுத்திருச்சு!”

“இல்ல சார்! ஃப்ளாப்பிக்கு நேரம் தெரியாது. கம்ப்யூட்டர் கடிகாரம் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதிக்கிடும். கடிகாரத்தை யாரும் மாத்தலாம். அந்த மிஷினைப் பாக்கணும்!”

“தாராளமா பாருங்க!” ஸுந்தரராஜன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பயம் துளிகூட இல்லை.

ஜீப் ராஜபாளையத்துக்குப் பறந்தது. வழியெல்லாம் செல்லத்தாய் தனுஷ்கோடியின் பேண்ட்டில் இருந்த குங்குமத் தீற்றலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னவோ ஒன்று மனதுக்குள் பிராண்டியது.

ஸுந்தரராஜனின் மனைவி வஞ்சுளவல்லி, அழுது வீங்கிய கண்களோடு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு நின்றாள். அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள். ஸுந்தரராஜன் தன் சாவியால் மாடிக் கதவைத் திறந்தான். சந்தன வாசனை. செவந்திப்பூ. அவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

“தொடாதீக!”

செல்லத்தாயின் கூச்சலில் இன்ஸ்பெக்டரே ஓரடி பின்வாங்கினார்.

“சுவிட்சைப் பாருங்க சார்!”

சுவர் சுவிட்சின் மேல் சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். கம்ப்யூட்டர் பட்டனிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டும் காய்ந்து போயிருந்தன. துளிகூடக் கலையவில்லை!

“இதைத் தட்டாம கம்ப்யூட்டர் எப்படி ஓடுச்சு? இதைத் தட்டியிருந்தா பொட்டு எப்படிக் கலையாம இருக்கு?”

ஸுந்தரராஜனுக்கு வியர்த்தது. “அது... நான் கெளம்பின பொறவு வஞ்சுளா வச்சிருப்பா! என்ன வஞ்சுளா? சொல்லு!”

எல்லோரும் வஞ்சுளவல்லியைப் பார்த்தார்கள். அவள் ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும்... புருஷன் தப்பித்துவிடுவான்!

அவள் பொட்டைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

“நேத்து சரஸ்வதி பூசையில வச்சேன்,” என்றாள் மெதுவாக. “இன்னைக்கு மறுபூசை முடிச்சிட்டுத்தான் எடுக்கணும்னு, கதவைக்கூடத் தொறக்கலை.” குரல் உடைந்தது. “பாவி... எங்கண்ணனையா அடிச்ச?”

ஸுந்தரராஜன் நாற்காலியில் பொத்தென்று விழுந்தான்.

“பூசைக்கு முன்னாடியே கடிகாரத்தை இன்னைக்குத் தேதிக்குத் தள்ளிவச்சு டைப் அடிச்சுட்டு, பழையபடி திருப்பி வச்சிருக்காரு சார்,” என்றான் தனுஷ்கோடி. “கடிகாரத்தை மாத்தத் தெரிஞ்ச ஆளுக்கு, வீட்டுக்காரம்மா பொட்டு வைப்பாங்கன்னு தோணலை!”

போன் அலறியது. இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார்.

“சக்ரபாணி கண்ணு முழிச்சுட்டாரு. பின்னால இருந்து விழுந்த அடியாம், ஆளைப் பாக்கலையாம். முழிச்சதும் அவர் கேட்ட மொதக் கேள்வி... இன்னைக்கு எத்தனை அட்மிஷன்?”

வஞ்சுளவல்லி அழுகைக்கு நடுவே கைகூப்பினாள்.

விலங்கு கை மாறியது. வேல்சாமி அசடு வழிந்தபடி செல்லத்தாயிடம் வந்தார்.

“ஏம்மா, கேள்வி கேக்குறதுக்கு ஒரு பாடம் இருக்குன்னியே... அந்த மழலை கோர்ஸ்ல எனக்கும் ஒரு இடம் கெடைக்குமா?”

“டீச்சரா சேரணும்னா பிளஸ் டூ சர்டிஃபிகேட் கொண்டாங்க சார்... பிள்ளையா சேரணும்னா, சிலேட்டு மட்டும் போதும்!”