அறுபத்திரண்டு கடிகாரங்கள் பேசின

வாயாடி எழுதி முடித்துவிட்டாள். மொத்தம் நாற்பத்து மூன்று வசனங்கள். அவற்றில் ஒன்றுகூடச் சின்ன வசனம் இல்லை.

வாயாடி என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. வாய் இருப்பது பேசத்தானே என்பாள்.

டீச்சர் ஒரு சிறுகதையைக் கொடுத்து, இருவர் இருவராகச் சேர்ந்து அதை எட்டுப் படங்களில் படக்கதையாக மாற்றி வரச் சொல்லியிருந்தார். கதை இதுதான். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் எப்போதும் உம்மென்றே இருப்பார். ஒரு மழைநாளில் நனைந்த பூனை ஒன்று அவர் கடைக்குள் நுழைகிறது. மூன்று முறை அதை விரட்டுகிறார். பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு போனவர், பாதி வழியில் திரும்பி வந்து, வாசலில் நடுங்கிய பூனையை உள்ளே தூக்கிப் போய்த் தன் கோட்டால் போர்த்திவிடுகிறார்.

வசனம் வாயாடியின் பொறுப்பு. படம் பென்சிலின் பொறுப்பு. ஆள் ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

ஞாயிறு மதியம் பென்சில் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தான். வாயாடியின் அம்மா தையல்காரர். துணி வெட்டும் மேசையை அன்றைக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

சார்ட்டை விரித்ததும் வாயாடி கிட்டப் போய்ப் பார்த்தாள். கடைச் சுவரெல்லாம் கடிகாரங்கள். வட்டமாக, சதுரமாக, ஊசல் தொங்குவதாக. மூலையில் பூனை, நனைந்த ரோமம் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாம் கறுப்பு மையில்.

"எத்தனை கடிகாரம்?"

"எட்டுப் படத்துக்கும் சேர்த்து அறுபத்திரண்டு. விரல் வீங்கிப்போச்சு."

"ரொம்ப நல்லா இருக்கு. சரி, வசனத்தை எங்க எழுதறது?"

பென்சில் படத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி படத்தைப் பார்த்தான். எட்டுக் கட்டங்களிலும் விளிம்பு வரைக்கும் படம். பேச்சுக் குமிழ் போட ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.

"மறந்துட்டேன்," என்றான்.

வாயாடிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். நாளைக் காலையில் எல்லாருடைய படக்கதையும் சுவரில் இருக்க வேண்டும். புதிதாக வரைய நேரமே இல்லை.

"பேப்பர்ல குமிழ் வெட்டி மேல ஒட்டிடலாம். அம்மா, அந்தக் கத்தரிக்கோல்..."

"அதைத் தொடாதே," என்றார் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "துணி வெட்டறதுல பேப்பர் வெட்டினா மொன்னையாயிடும். சின்னது டப்பாவுல இருக்கு."

சின்னக் கத்தரிக்கோலால் முதல் குமிழை வெட்டிப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். பூனை மறைந்துவிட்டது. நகர்த்தினால் கடைக்காரரின் முகம் மறைந்தது.

பென்சில் பையிலிருந்து வெள்ளைப் பெயிண்டை எடுத்து மூடியைத் திறந்தான். "கடிகாரத்தையெல்லாம் அழிச்சிடறேன். அப்ப இடம் கிடைக்கும்." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. தூரிகை பிடித்த விரலில் கறுப்பு மை இன்னும் போகாமல் இருந்தது.

அந்த விரலைப் பார்த்ததும் வாயாடியின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"கொஞ்சம் இரு. அழிக்காதே," என்று அவன் கையைப் பிடித்தாள். சார்ட்டின் மேல் குனிந்தாள். "இந்தக் கடிகாரத்துக்கெல்லாம் முள்ளு எங்க? நம்பரும் இல்லையே."

"எந்தப் படத்துல மணி எத்தனைன்னு நீதானே சொல்லணும். அதான் முள்ளு வரையலை. நம்பரும் அப்புறம் சேர்த்துப் போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

அறுபத்திரண்டு கடிகாரங்களும் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தன. வாயாடி கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. அம்மா மெஷினை நிறுத்திவிட்டு, உடம்பு ஏதும் சரியில்லையா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

"கடைக்காரர்தான் யார்கிட்டயும் பேசமாட்டாரே," என்றாள் வாயாடி மெதுவாக. "அவருக்கு எதுக்கு வசனம்? கடிகாரங்க பேசட்டும்."

"இவ்வளவு சின்ன வட்டத்துலயா? ஒரு வார்த்தைக்கு மேல பிடிக்காதே."

"ஒரு வார்த்தைதான்."

சொல்லிவிட்டாளே தவிர, அது லேசான வேலையாக இல்லை. தன் காகிதத்தில் ஒவ்வொரு வரியாக அடித்தாள். 'ஐயோ பாவம், இந்தப் பூனை எவ்வளவு நேரமாக மழையில் நனைந்ததோ' என்ற வரி அவளுக்கு மிகவும் பிடித்தது. அதையும் அடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்குள் 'பாவம்' என்று எழுதினாள்.

கடைக்காரர் விரட்டும் படத்தில் பெரிய கடிகாரம் 'வேண்டாம்' என்றது. பக்கத்துச் சின்னக் கடிகாரம் 'மழை' என்றது. அவர் பூட்டிக்கொண்டு போகும் படத்தில் எல்லாக் கடிகாரங்களும் 'திரும்பு, திரும்பு' என்றன. கடைசிப் படத்தில், கோட்டுக்குள் பூனை தூங்க, அத்தனையும் சேர்ந்து 'அப்பாடா' என்றன.

இரவுச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் காலை டீச்சர் சுவரோரமாக ஒவ்வொரு படக்கதையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவர்களுடையதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. பென்சில் சுவரைப் பார்க்காமல் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் கடைசிப் படத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "கடிகாரம் பேசறதா? ரொம்ப நல்லா இருக்கே. யாருக்குத் தோணுச்சு இது?"

வாயாடிக்கு உயிர் வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் பென்சில் முந்திக்கொண்டான்.

"அவளுக்குத்தான், டீச்சர். நான் வசனத்துக்கு இடம் விட மறந்துட்டேன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பென்சிலின் காது சிவந்தது.

"நல்லவேளை மறந்தான், டீச்சர்," என்றாள் வாயாடி. "இடம் விட்டிருந்தா, நாற்பத்து மூணு வசனத்தையும் நான் எழுதித் தள்ளியிருப்பேன்."

இந்த முறை வகுப்போடு சேர்ந்து பென்சிலும் சிரித்தான்.