குங்குமம் வைத்த டிஸ்க்

பீப்... பீப்... பீப்...

மணல் லாரி முதலாளி வைரக்கண்ணுவின் மிரட்டலுக்குச் செம்மொழி போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் சர்வர் அலறத் தொடங்கியது.

"என்னம்மா சத்தம்? பயந்துட்டியா?"

"மெஷின் சத்தங்க. ஆறு மணிக்கு உங்க மணல் லாரியை ஊரே பாக்கப்போவுது. நீங்களும் பாருங்க."

"உங்கண்ணன் வாய்க்கால்ல வழுக்கி விழுந்தான். நீயும் பாத்து நட."

போனை வைத்தாள்.

திருவையாற்றில் ஓர் உமிக் கிடங்கின் மாடியில் அண்ணன் புகழேந்தியும் அவளும் நடத்திய வெப் ஹோஸ்டிங் நிலையம் அது. ஐப்பசியில் அவன் பிணமாகக் கிடைத்தான். ஆற்றில் திருட்டு மணல் அள்ளுவதை அவன் எடுத்த வீடியோ சர்வரில் பூட்டிக் கிடந்ததை இன்று காலைதான் கண்டுபிடித்து, ஆறு மணிக்கு வெளியிடுவதாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்திருந்தாள். இன்னொரு பிரதி இருந்த லேப்டாப் அவனோடு தண்ணீரில் போயிற்று. ஆனால் சர்வருக்குள் இரண்டு டிஸ்க்குகள். ஒன்றில் எழுதுவது அதே நொடியில் மற்றதிலும் பதியும்.

"ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு பேசும்," என்பான் புகழேந்தி.

இப்போது ஒன்று செத்திருந்தது. செத்ததில் சிவப்பு விளக்கு எரியும், உயிரோடிருப்பதில் பச்சை. அதைக் கழற்றிப் புதியதை மாட்டினால், உயிரோடிருப்பதிலிருந்து எல்லாம் நகலாகிவிடும். அடைமழையின் இருட்டில், ஏ.சி.யின் உறுமலுக்கும் கீழிருந்து ஏறிவரும் ஈர உமியின் புழுங்கல் வாடைக்கும் நடுவே குனிந்து, சிவப்பாகத் தெரிந்ததை இழுத்தாள்.

விரலில் சிவப்பு ஒட்டியது.

குங்குமம். ஆயுத பூஜைக்கு அண்ணன் வைத்த பொட்டு. அது உதிர்ந்த இடத்தில் ஒரு பச்சை விளக்கு மினுங்கி அணைந்தது.

உயிரோடிருந்ததைக் கழற்றிவிட்டாள்.

அலறல் நின்றது. எல்லாம் போயிற்று என்று திரையைப் பார்த்தாள். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. லாரிகள், ஆறு, அண்ணனின் மூச்சிரைப்பு.

செத்த டிஸ்க்கையும் உருவினாள். இரண்டும் அவள் மடியில் இருந்தன.

வீடியோ ஓடியது.

எங்கிருந்து?

சொட்டு. காய்ந்த அறைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம். வாய்க்கால் சேற்றின் வாடை. அழுகிய ஆகாயத்தாமரை. பிடரியில் யாரோ குளிர்ந்த மூச்சை விட்டார்கள்.

திரும்பவில்லை. ஓடவும் இல்லை.

"அழிக்க மாட்டேன்," என்றாள். "யார் வந்தாலும் சரி."

ஆறு மணி. பட்டனை அழுத்தினாள். வீடியோ ஊருக்குப் போயிற்று.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். சர்வர் அலமாரியிலிருந்து கதவு வரை ஈரக் காலடிகள். உள்ளே வந்தவை அல்ல, வெளியே போகிறவை. அண்ணனின் வளைந்த சுண்டுவிரல். பக்கத்திலேயே இன்னொரு வரிசை. அதே பாதம். அதே சுண்டுவிரல்.

கதவு மூடியிருந்தது. அதன் முன்னால் ஈரம் தேங்கியது. காத்திருந்தது.

எழுந்தாள். தாழ்ப்பாளைத் தானே நீக்கினாள்.

"போ அண்ணே."

காலடிகள் படியிறங்கின. தெருவில் ஒரு வரிசை இடப்பக்கம். இன்னொன்று வலப்பக்கம்.

வெகுநேரம் மழை மட்டும். பிறகு போன் அடித்தது. வைரக்கண்ணு.

"சொல்லுங்க."

"செத்துட்டானான்னு நானே தண்ணிக்குள்ள அமுக்கிப் பாத்தேனே..." குரல் உடைந்தது. "வாசல்ல நிக்கிறான்மா. கொல்லையிலயும் அவனே நிக்கிறான்."