கேட்டை நட்சத்திரம், ரதீசன்

டிவிக்குள்ள இருந்து ஆரோ இருமினது கேட்டு, ரதீசன் குசினியில தேத்தண்ணிக் கோப்பையோட அப்பிடியே நிண்டான். ரெண்டு இருமல், பிறகு சளியை விழுங்கிற சத்தம், கொஞ்ச நேரம் ஒண்டுமில்லை, திரும்ப ரெண்டு. இருமாத மனிசர் ஆர்? மார்கழி மாசம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில பஸ் ஏறினால் முன்னுக்கும் பின்னுக்கும் இருமல்தான். ஆனா இந்த இருமலை அவனுக்குத் தெரியும். இருவது வருசத்துக்கு மேலாச்சு. லொறிக்குள்ள, அவன்ர காதுக்குப் பக்கத்தில, விடிய விடிய இருமினது.

பின்னேரம்தான், ஆனா வெளியில கறுத்துப் போச்சு. வெள்ளிக்கிழமை எண்டபடியால் மனிசி றூபினி வேலையால நேர ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போயிருப்பாள். வீட்டில அவனும் மகள் ஆரணியும் மட்டும். கோப்பையை வைச்சிட்டு ஹோலுக்குப் போனான்.

ஆரணி கம்பளிப் போர்வைக்குள்ள காலை மடக்கிக்கொண்டு சோபாவில இருந்தாள், கையில கன்ட்ரோலர். லைட் போடேல்லை. டிவியின்ர வெளிச்சத்தில சுவரெல்லாம் நீலமாக் கிடந்தது. திரையில பனி கொட்டுது, உயர உயரமாப் பைன் மரங்கள், தூரத்தில ஒரு லொறி உறுமிக்கொண்டு நிக்குது, கிட்டவா ஒரு மரத்தடியில ஒருத்தன் சுருண்டு படுத்திருக்கிறான். அவன்ர ஜாக்கெட்டில இழுத்துப் பூட்டச் சிப் இல்லை. நீல நைலோன் கயித்தால கட்டியிருக்கு.

"என்னம்மா இது?"

"ஸ்டோரி கேம் அப்பா. இவர் ரெஃப்யூஜி, ஃப்ரெண்டுக்குச் சரியான வருத்தம். முதல்தரம் நான் ஃப்ரெண்டின்ர ஜாக்கெட்டைக் கழட்டி எடுத்திட்டன். அதுக்குள்ள ஐடி இருக்கு. அந்தப் பேரில லண்டன் வந்து, வீடு, வைஃப், மகள், எல்லாம் கிடைச்சுது." அவள் திரும்பிப் பாக்காமலே சொன்னாள். "பட், ஐ ஃபெல்ட் சிக், அப்பா. அதால திரும்பப் பழசுக்குப் போறன். அங்க நாங்கள் ஒண்டை மாத்தினால் பிறகு நடந்ததெல்லாம் மாறும்."

அவன் ஒரு அடி கிட்டப் போனான்.

ரதீசன் எண்டது அவனுக்குப் பிறக்கேக்க வைச்ச பேர் இல்லை. அவன் அனுசன். ரதீசன் எண்டவன் உக்ரேன் பக்கத்துக் காடொண்டில, சிப் இல்லாத ஜாக்கெட்டோட மரத்தடியில கிடந்தவன். ஊரில ஆமி முகாமில அடி வாங்கி வெளியில வந்தவன். அந்தப் பேரில அசைலம் கேஸ் குடுத்தால் ஒருத்தரும் திருப்பி அனுப்பமாட்டினம் எண்டு லொறியில இருந்த எல்லாருக்கும் தெரியும். அவன்ர அடையாள அட்டை ஜாக்கெட் மடிப்புக்குள்ள தைச்சுக் கிடந்தது. அனுசனிட்ட ஒண்டுமில்லை. ஜாக்கெட்டை அனுசன் கழட்டேக்க ரதீசன் சாகேல்லை. அனுசன்ர கையைப் பிடிச்சான். "கொஞ்சம் பொறு மச்சான், இப்ப வாறன்" எண்டு சொல்லிப்போட்டு, அனுசன் லொறியில ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

அனுசன் எண்டு கூப்பிட இப்ப ஒருத்தரும் உயிரோட இல்லை. கலியாணம் பேசேக்க அட்டையில கிடந்த பிறந்த திகதிக்குத்தான் சாதகம் எழுதினது. நல்ல பொருத்தம் எண்டு சாத்திரியார் றூபினியைச் சேர்த்ததும் அந்தச் சாதகத்தோடதான். அவனுக்குத் தெரிஞ்ச எத்தினையோ பேருக்கு பாஸ்போர்ட்டில ஒரு பிறந்தநாள், வீட்டில ஒரு பிறந்தநாள். இதில என்ன வந்தது எண்டு விட்டிட்டான்.

திரையில ரெண்டு தெரிவு வந்துது. எடு. எடுக்காதே. கீழ ஒரு வெள்ளைக் கோடு குறைஞ்சுகொண்டு போகுது.

"ஆரணி, எடு. ஜாக்கெட்டை எடு."

"வாட்? அந்த ஆள் செத்துப்போயிடுவார், அப்பா."

அவன் பாய்ஞ்சு கன்ட்ரோலரைப் பறிக்கப் போனான். அவள் எடுக்காதே எண்டதை அமத்திட்டாள்.

ஒண்டும் நடக்கேல்லை. ரயில் ஒண்டு வழமை போலக் கடந்து போச்சு, ரேடியேட்டர் டிக் டிக் எண்டுது. அவனுக்குத் தன்ர பயத்தைப் பாக்கவே வெக்கமா வந்துது. பிறகு மெதுவா மெதுவாக் காலில குளிர் ஏறினது, கார்பெட்டுக்குள்ள தண்ணி நிண்ட மாதிரி. குனிஞ்சு பாத்தால் சொக்ஸும் காற்சட்டையும் முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்தது. டீசலும் ஈரக் கம்பளியும் காய்ச்சல்காரன்ர வேர்வையும் கலந்த அந்த லொறி மணம், எங்கேயோ பக்கத்தில, வீட்டுக்குள்ள.

சுவரில கலியாணப் படம். மாலை சரி. றூபினி சரி. பக்கத்தில நிண்ட மாப்பிள்ளை, இருமிறவன் மாதிரி, வாயைக் கையால பொத்திக்கொண்டு நிண்டான்.

கதவடியில கோட் கொழுவிற கொக்கியில ஒரு நீலக் கயிறு தொங்கினது. சொட்டுச் சொட்டாத் தண்ணி.

போனை எடுத்தான். விரல் நுனியெல்லாம் வெள்ளையா விறைச்சிருந்தது. றூபினி உடன எடுத்தாள். பின்னால மேளம், மணி, சனத்தின்ர இரைச்சல்.

"றூபினி, அருச்சனை செய்யாத. அந்தப் பேருக்குச் செய்யாத."

"ஹலோ? கேக்கேல்லை. என்ன, காத்துச் சத்தமாக் கிடக்கு?"

அவளுக்குப் பின்னால ஐயரின்ர குரல் தெளிவாக் கேட்டுது. விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம், ரதீசன். மணி அடிச்சுது.

அப்பதான் அவனுக்குப் பிடிபட்டுது. வெள்ளிக்கு வெள்ளி, திருவிழாவுக்குத் திருவிழா, அவள் நேர்த்தி வைச்சுத் தீர்க்காயுசு கேட்டது ஆருக்கு? அவனுக்கில்லை. ஒரு பூ, ஒரு திருநீறு கூட அனுசன் எண்ட பேரில போய்ச் சேரேல்லை. இத்தினை வருசமாப் பனிக்குள்ள கிடந்தவனுக்குத்தான் அவள் ஆயுசைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எத்தினையோ நாள் தன்ர காசில, தன்ர காரில அவளைக் கோயிலுக்குக் கொண்டு போய் விட்டதும் அனுசன்தான்.

"நான் அனுசன்," எண்டு கத்தினான். "றூபினி, என்ர பேர் அனுசன்."

"ஆர்? எனக்கு அப்பிடி ஒருத்தரையும் தெரியாது. ரோங் நம்பர்." அவள் போனை வைச்சிட்டாள்.

போன் கையில இல்லை. கை பனிக்குள்ள.

இருமல். இப்ப டிவியில இல்லை. சோபாவில.

ஆரணிக்குப் பக்கத்தில ஒருத்தன் இருந்தான். காய்ஞ்ச ஜாக்கெட். சிப் இல்லை. போர்வையின்ர மற்றப் பாதி அவன்ர மடியில.

"ஆரணி."

அவள் திரும்பேல்லை. அவளுக்கும் அனுசனுக்கும் நடுவில கண்ணாடி. குளிர்ந்த, தடிச்ச கண்ணாடி. அவன் அதில அறைஞ்சான். சத்தம் வரேல்லை. பின்னால மரங்கள். லொறி உறுமிற சத்தம். ஷேர்ட்டுக்குள்ள பனி.

எவ்வளவு நேரம் போச்சோ, கண்ணாடிக்கு அங்கால முன்கதவு திறந்தது. றூபினி வந்தாள், கையில அருச்சனைத் தட்டு. நேர சோபாவுக்குப் போனாள். சிரிச்சாள். விரலால திருநீறு எடுத்து அந்த நெத்தியில பூசினாள்.

"உங்கட பேருக்குத்தான் செய்தனான்," எண்டாள்.

"ஓம்," எண்டான் ரதீசன். "எனக்குத் தெரியும். ஒவ்வொண்டும் வந்து சேர்ந்தது."

ஆரணி திரையை உத்துப் பாத்தாள். அதுக்குள்ள நிண்ட அனுசனைப் பாத்தாள், நேருக்கு நேர். முகத்தில பரிதாபம்.

"அப்பா, இந்த ஆள் கதவைத் தட்டிறார். திறக்கட்டோ?"

அனுசன்ர கண்ணுக்குக் கீழ வெள்ளைக் கோடு குறைஞ்சுகொண்டு போச்சு. அரைவாசி. காவாசி. ரதீசன் மெதுவா மகளின்ர கையில இருந்து கன்ட்ரோலரை வாங்கித் தன்ர மடியில வைச்சான்.

"வேண்டாம் பிள்ளை. தானா முடியட்டும்."

பிறகு குனிஞ்சு, கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு வந்தான். நெத்தியில திருநீறு ஈரமா மினுங்கினது.

"கொஞ்சம் பொறு மச்சான்," எண்டான். "இப்ப வாறன்."