கையில் பிடித்த கயிறு

இடுப்பில் கட்டியது போகத் தோளில் மாட்டியிருந்த மிச்சக் கயிற்றுச் சுருள் குறைந்துகொண்டே வருவதைத் தியோடுல் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புறப்படும்போது எட்டுச் சுற்று இருந்தது. இப்போது தடவிப் பார்த்தால் ஐந்து.

மறுநாள் ஆங்கிலேய துரை ஒருவர் கால்ட்ஹோர்ன் என்ற பனிமலையின் உச்சியில் முதல் ஆளாகக் கால்வைக்கப் போகிறார். அவருக்காகச் சரிவில் படி வெட்டிவிட்டு, வழிகாட்டிகள் இருவரும் பனியாற்றின் மேல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நடுப்பகல்தான், ஆனாலும் மூடுபனி கண்ணைக் கட்டியது. முன்னால் போன மைத்துனன் காஸ்பர் தெரியவில்லை. தியோடுலின் இடுப்பிலிருந்து அவனிடம் போகும் சணல் கயிறு மட்டும், ஈரம் ஊறி நனைந்த ஆடுபோல் நாறிக்கொண்டு, வெள்ளைக்குள் நுழைந்து மறைந்தது. பூட்ஸ் ஆணிகள் பனியைக் கடிக்கும் சத்தம், அதற்கும் அடியில், ஆழத்தில் எங்கோ நீர் ஓடும் சத்தம்.

"என்ன மச்சான், துரைமாருங்க மாதிரி இடுப்புல கட்டிக்கிட்டு? பொண்டாட்டி கட்டிவிட்டாளா?" காஸ்பரின் குரல் சிரித்தது.

அந்த ஊர் வழிகாட்டிகள் கயிற்றைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள், கையில் பிடித்துக்கொள்வார்கள். போன கோடையில் தியோடுலும் அப்படித்தான் பிடித்திருந்தான். மறுமுனையில் காஸ்பரின் அண்ணன் ரோமானுஸ். பனிவெடிப்புக்குள் விழுந்த அவன் திரும்பவில்லை; கயிறு அறுந்துவிட்டதாகத் தியோடுல் ஊரிடம் சொன்னான். பாதிரியாரிடமும் அதையே சொன்னான். அன்றிலிருந்து கட்டிக்கொள்கிறான்.

மூன்று சுற்று. பிறகு ஒன்று. பிறகு தோள் வெறுமையாக இருந்தது. மிச்சக் கயிறு அவனுக்குப் பின்னால், மூடுபனிக்குள் விறைத்து நின்றது.

"காஸ்பர், நில்லுடா. பின்னாடி எங்கியோ மாட்டிக்கிச்சு."

"உதறி விடு மச்சான்."

உதறினான். பதிலுக்குக் கயிறு மூன்று முறை இழுத்தது. நிதானமாக. போன கோடையில் பழகிய கை. பின்னாலிருந்து ஆணிச் சத்தம் கேட்டது. நெருங்கியது.

"காஸ்பர்! அன்னைக்குக் கயிறு அறுந்து போகலடா. பயத்துல நான்தான் விட்டுட்டேன். என்னை விட்டுடாதே, இழுத்துக்க!"



"தெரியும் மச்சான். அறுந்திருந்தா பாதி உன் கையில இருந்திருக்கணுமே. நீ வெறுங்கையோடதானே வந்தே."

முன்கயிறு தொய்ந்தது. இழுத்தான். இலேசாக வந்தது. முழுதும் வந்தது. முனையில் காஸ்பரின் உள்ளங்கைச் சூடு இன்னும் இருந்தது.

"காஸ்பர்?"

ஆணிச் சத்தம் முதுகுக்குப் பின்னால் நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. திரும்பக் கழுத்து வரவில்லை.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. பனி ஒட்டிய கை. அவன் உள்ளங்கையை விரித்து, பின்கயிற்றின் முனையை அதில் வைத்தது. பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, மடக்கியது.