தாலாட்டுத் தடைச் சட்டம்

தாலாட்டுத் தடைச் சட்டம் வந்ததிலிருந்து பேராசிரியர் அம்பலவாணர் வீட்டில் யாரும் தூங்கவில்லை. தொட்டிலில் பேரன் வீறிட்டுக்கொண்டிருந்தான். அவரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொண்டிருந்த ஆண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"போர்மேகம் சூழ்ந்த இவ்வாண்டிலும் அறிவுச்சுடர் அணையாமல்..."

"சுடர் கெடக்கட்டும்ப்பா. தாலாட்டுக்கே பதக்கம் வாங்கினவரு, சும்மா முணுமுணுத்தாவது இவனைத் தூங்க வைங்களேன்" என்றாள் மகள் இன்பவல்லி.

"வாசல்ல ஒட்டுக்கேக்குற ஒலியுளவி தொங்குதும்மா. ஆரிராரோன்னா ஆறு மாசம் உள்ளே."

எந்தக் கூச்சலிலும் குழந்தையை உறங்கவைக்கும் சுருதியை அவர் கண்டுபிடித்திருந்தார். அதோடு நின்றிருக்கலாம். நிதி விண்ணப்பத்தின் கடைசி வரியில், 'இவ்வாய்வு நாட்டின் பாதுகாப்புக்கும் பெரிதும் துணைபுரியும்' என்று எழுதிவைத்தார். பல்கலைக்கழகத்தில் எல்லாரும் எழுதுவதுதான். ஊறுகாய்ப் பூஞ்சையை ஆராய்ந்தவர்கூட எழுதினார். தலையில் பிள்ளையார் சுழி, வாலில் இது. எந்த அதிகாரியும் அதைப் படித்ததில்லை.

பயனாக்கி படித்தது. ஆய்வுகளைப் படித்துக் கருவிகளைத் தானே செய்து தள்ளும் அரசு இயந்திரம் அது. ஒப்புக்கு எழுதுவது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஒரே வாரத்தில் தாலாட்டுப் பாடும் ஆளில்லாப் பறப்பான்கள் எல்லைக்குப் போயின. எதிரிக் காவலர்கள் நின்றபடியே தூங்கினார்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த இடத்தை அறிக்கையில் எப்படி எழுதுவதென்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார்.

அடுத்த மாதமே எதிரியும் அதே சுருதியைப் பிடித்துக்கொண்டான். நம் காவலர்கள் சொக்கினார்கள். பழகிய காதுதான் சீக்கிரம் சொக்கும், இனி நாட்டில் எவர் காதும் தாலாட்டுக்குப் பழகக் கூடாது என்று சட்டம் வந்தது.

அம்பலவாணருக்கு ஒரு யோசனை உதித்தது. உட்கார்ந்து புது விண்ணப்பம் எழுதினார்: 'குழந்தையின் அழுகை பெரியவர்களை விழித்திருக்கச் செய்யும் விதம். ஒப்பிட்டுப் பார்க்க, தினமும் ஒரு தாலாட்டுக்கு அனுமதி தேவை.' கை பழக்கதோஷத்தில் அந்தப் பாதுகாப்புக் கடைசி வரியையும் சேர்த்தே அனுப்பிவிட்டது.

மறுநாள் காலை ஜீப் வந்தது.

"வாழ்த்துகள் ஐயா!" என்று அதிகாரி சல்யூட் அடித்தார். "எதிரியோட தாலாட்டுக்கு இந்த அழுகைதான் மாற்றுன்னு பயனாக்கி சொல்லிடுச்சு."

கூட வந்தவர்கள் தொட்டிலைச் சுற்றி மைக்குகளைக் கட்டினார்கள்.

"தாலாட்டு அனுமதி?"

"அது எதுக்குங்க ஐயா இனிமே?"

அழுது களைத்த பிள்ளை கொட்டாவி விட்டது. கண் செருகியது. இன்பவல்லி மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி பதறிப்போய் அம்பலவாணரின் கையைப் பிடித்துத் தொட்டிலுக்கு இழுத்தார்.

"ஐயா, தூங்கிடப் போறான்! நாட்டுக்காக ஒரே ஒரு கிள்ளு கிள்ளுங்க!"