கம்ப்யூட்டர் மேடையில் விழுந்த நிழல்

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து சிப்காட் தொழிற்பேட்டைக்குள் வந்து சேர்ந்தபோது ஷைனிக்கு உடம்பெல்லாம் வியர்வை. 2008-ஆம் வருஷத்து அக்னி நட்சத்திரம். மூடிக்கிடந்த அந்த இரும்பு உருக்காலையின் ஷெட்டை, மேடை விளக்குகளை வாடகைக்கு விடும் வரதன் போன மாதம்தான் குத்தகைக்கு எடுத்திருந்தார். எந்த விளக்கை எங்கே மாட்டுவது, எந்தக் காட்சிக்கு எந்த ஒளி என்று அவருக்கு வடிவமைத்துக் கொடுப்பவள் ஷைனி.

உள்ளே காலடி வைத்ததும் துரு வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, கருகின தோல் போல. ஜன்னல்களை எல்லாம் கறுப்புத் துணியால் மூடியிருந்ததால், பட்டப்பகலிலும் ஷெட் இருண்டு கிடந்தது.

பக்கத்துக் கம்பெனி ஒன்றின் வெள்ளி விழாவுக்கு விளக்கு ஆர்டர் கிடைக்கும் போலிருந்தது. விளக்குகளை மாட்டுவதற்கு முன்பே மேடை எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரில் காட்டும் மென்பொருள் இருந்தால்தான் ஆர்டர் என்று விழாக் கமிட்டி சொல்லிவிட்டது. வரதன் இரண்டு மென்பொருள்களைச் சோதனைக்கு வாங்கி வைத்திருந்தார். இந்த ஷெட்டையே இரண்டிலும் வரைந்து, நிஜ விளக்குகளோடு ஒப்பிட்டுப் பார்த்து எது சரியென்று ஷைனி சொல்ல வேண்டும். மதியம் கமிட்டி வருகிறது.

முதலாவது எளிமையானது. ஒளி விழும் பாதையை மட்டும் வரைந்தது. இரண்டாவது நிழலையும் கணக்குப் போட்டுக் காட்டியது. தரை, நான்கு சுவர், கூரைக் கம்பியில் விளக்குகள். இவ்வளவுதான் ஷைனி வரைந்திருந்தாள். ஒரு விளக்கை எரியவிட்டாள்.

தரையில் ஒரு நிழல் விழுந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் ஆளின் நிழல். நிஜ விளக்கைப் போட்டு ஷெட்டின் தரையைப் பார்த்தாள். அங்கே அப்படி எதுவும் இல்லை. மென்பொருளில் ஏதோ கோளாறு என்று மூடித் திறந்தாள். நிழல் இருந்தது. எதிர்ப்பக்கத்து விளக்கையும் எரியவிட்டாள். இப்போது அதே ஆளின் நிழல் இன்னொரு பக்கமும் விழுந்தது. இரண்டு விளக்கு, இரண்டு நிழல் என்றால் நடுவில் ஆள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவளால் கண்டுபிடிக்க முடியும். விளக்கிலிருந்து நிழலுக்குக் கோடு இழுத்தாள். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிய இடம் தரையில் இல்லை. அந்தரத்தில் இருந்தது.

அண்ணாந்து நிஜ ஷெட்டைப் பார்த்தாள். சரியாக அந்த இடத்தில், பழைய கிரேனின் உத்திரத்துக்குக் கீழே, கிரேன் ஓட்டுபவர் உட்காரும் இரும்புக் கூண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

அதை அவள் கம்ப்யூட்டரில் வரையவே இல்லை.

வாட்ச்மேன் ஆதிகேசவன் அந்த ஆலையிலேயே வேலை பார்த்தவர். அவரிடம் போய்க் கேட்டாள்.

"குப்புராஜ்னு ஒரு கிரேன் ஆபரேட்டருமா. இதே மாசந்தான். கீய இரும்பு கொதிச்சிக்கினு இருக்குது, மேல கூண்டுல அவன் மயங்கிட்டான். ஏணி வெக்கலாம்னு ஓடனோம். உருக்குன இரும்பு வீணாப்பூடும், ஊத்தி முடிச்சிட்டு எறக்குங்கடான்னாரு மேனேஜரு."

"எறக்குனீங்களா?"

"எறக்குனோம். குந்துன மேனிக்கே செத்துக் கெடந்தான். காலை நீட்ட முடியல. அப்டியேதான் தூக்கினு போனோம்."

ஷைனி வரதனிடம் சொன்னாள். அவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான கீது? ஆளு இருக்கற மாரி நேச்சுரலா கீது. வுட்டுடு. பேஜாரு பண்ணாத."

கமிட்டி வந்தது. தலைவர் சுப்பிரமணி முன்வரிசையில் உட்கார்ந்தார். கதவையும் சாத்தினார்கள். தகரக் கூரையின் சூடும் விளக்குகளின் சூடும் சேர்ந்து, மூச்சை இழுத்தால் நெஞ்சு காந்தியது. வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு பெரிய ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

முதல் மென்பொருளைப் பார்த்துச் சுப்பிரமணி கொட்டாவி விட்டார். இரண்டாவதைப் போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷைனி வேண்டுமென்றே படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வரதன் அவள் கையிலிருந்து மவுஸை வாங்கித் தரைப்பக்கம் திருப்பினார்.

குந்தியிருந்த நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல் நின்றது.

அதன் இடுப்பிலிருந்து ஒரு கயிறு தொங்கியது.

உயரத்தில் விளக்கு மாட்டுகிறவன் பென்னி. ஆரம்பாக்கத்துக்காரன். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏணியில் கால் வைக்க மாட்டான். காலையிலிருந்து கீழே அவனைக் காணவில்லை.

குந்தியிருந்த நிழல் அசைந்தது. கை ஒன்று நீண்டு, நின்ற நிழலின் தோளில் படிந்தது. அவசரமே இல்லாமல் அழுத்தியது.

நின்ற நிழல் மடங்கி உட்கார்ந்தது.

"சார்," என்று வரதன் பக்கம் குனிந்தாள் ஷைனி. "பென்னி எங்க சார்?"

"மேலதான். கூண்டாண்ட நின்னு லைட்டு திருப்பிக்கினு இருந்தான்."

"அவன எறக்கணும் சார். அவனுக்கு இன்னாவோ ஆயிடுச்சி."

மேசைக்கு அடியில் வரதன் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "கெஸ்ட் போவட்டும். இப்ப ஏணி வெச்சி கலாட்டா பண்ணா ஆர்டரு பூடும். உன் வேலையும்தான்."

அவள் மறு கையால் பென்னியின் நம்பரை அழுத்தினாள்.

தலைக்கு மேலே, இருட்டுக்குள், போன் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"யாருப்பா அது? போன சைலண்ட்ல போடச் சொல்லுங்க," என்றார் சுப்பிரமணி.

எல்லோரும் திரும்பி ஷைனியைப் பார்த்தார்கள். கத்தியிருக்கலாம். விளக்குகளை அணைத்துவிட்டு ஏணியை நோக்கி ஓடியிருக்கலாம். அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தி போனைக் கட் பண்ணினாள்.

மேலே மணி நின்றது.

திரையில் இரண்டு நிழல்கள் அருகருகே, ஒன்றைப் போலவே ஒன்று, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தன. "வேலையாளுங்க சும்மா உக்காந்துக்கினு இருக்கற மாதிரி போட்டிருக்கீங்களே, பிரமாதம்!" என்றார் சுப்பிரமணி. "இதையே வாங்கிடுங்க வரதன்." கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். டீயும் முந்திரி பிஸ்கட்டும் வந்தன. அவர்கள் ஆறவைத்து, ஊதி ஊதிக் குடித்தார்கள்.

கார்கள் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ஏணி வைத்தார்கள்.

பென்னியைக் கீழே கொண்டுவந்தபோது, அவன் முழங்காலை யாராலும் நீட்ட முடியவில்லை.

சூட்டினால் வந்த சாவு, கொஞ்சம் முன்னாடி இறக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். போலீசிடம் வரதன், சொல்லாமல் கொள்ளாமல் அவனே மேலே ஏறிவிட்டான் என்றார். பக்கத்தில் நின்ற ஷைனி தலையாட்டினாள். பிணவறை வாசலில் பென்னியின் மனைவி கிரேஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ அங்கதான இருந்த? ஒரு சத்தங்கூடவா கேக்கல?"

"கேக்கலமா," என்றாள் ஷைனி.

மறுவாரமே வேலையை விட்டுவிட்டாள். வரதன் அந்த இரண்டாவது மென்பொருளையே வாங்கினார் என்றும், வெள்ளி விழா அமோகமாக நடந்தது என்றும் காதில் விழுந்தது. ஷைனி மீஞ்சூரில் தன் வீட்டிலேயே இருந்தாள். விளக்கு போட்ட மேடை எதையும் போய்ப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலைப்பொழுதில் புது நம்பரிலிருந்து போன் வந்தது. அவள் அறையில் சடை பின்னி முடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என் பேரு சிஃபா. வரதன் சார் ஆபீஸ்ல உங்க எடத்துக்கு வந்துருக்கேன். ஒரு டவுட்டு. இந்த சாஃப்ட்வேர்ல எந்த மேடை வரைஞ்சாலும் ஆளுங்க நெழலு தானா வுழுதே, இத எப்டிக்கா எடுக்கறது? சார் இருந்துட்டு போட்டும்னாரு."

"எத்தினி பேரு?" என்றாள் ஷைனி.

"நேத்து வரைக்கும் ரெண்டு பேருதான். குந்திக்கினு இருப்பாங்க. இன்னிக்கி புதுசா ஒரு பொம்பள நெழலு. சடை போட்டுக்கினு, உக்காந்துக்கினு இருக்கா. கை காதாண்ட இருக்குது. போன் பேசற மாரி கீதுக்கா."

அறையில் கருகின வாடை அடித்தது.

ஷைனி போனைக் காதிலிருந்து மெல்ல இறக்கி மடியில் வைத்தாள்.

மடியிலிருந்து சிஃபாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "அய்ய, இப்ப கைய எறக்கிட்டாக்கா. அந்த ரெண்டு பேரும் எழுந்து அவ பக்கத்துல வர்றாங்க."