கை படாத சுவர்

துடைத்த இடத்திலேயே மறுபடியும் கறை இருந்தது.

படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் போகும் குறுகலான நடையில், வெள்ளைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில், எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் உள்ளங்கை. காலையில்தான் சோப்புத் தண்ணீர் தொட்டு, விரல் நுனி எரியும்வரை தேய்த்திருந்தாள். வீடெங்கும் ஃபினாயில் வாசம். அதற்கு அடியில் லேசாக, மூட்டுவலித் தைலத்தின் நெடி.

"உங்க வீட்டுத் தரையில போட்டே சாப்பிடலாம்" என்று வருகிறவர்கள் சொன்னால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அந்தப் பெயருக்காகத்தான் அன்று மாமியாரிடம் சொன்னாள்.

"அத்தை, செவுத்தைப் புடிச்சு நடக்காதீங்க. இப்பதான் பெயின்ட் அடிச்சது, கை கையா அழுக்கு."

"சரிம்மா. இனிமே புடிக்கல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் அத்தை. ஈரம் காயாத தரையில் தடாலென்று சத்தம் கேட்டு இவள் ஓடிவந்தபோது, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கிடந்தாள். சுவர் எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"கால் வழுக்கிடுச்சுங்க" என்று மட்டும் கணவனிடம் இவள் சொன்னாள். "நீ எவ்வளவு நல்லா பாத்துக்கிட்ட" என்று காரியம் முடிந்த இரவு அவன் இவள் தோளில் சாய்ந்து அழுதான். அன்றிலிருந்து அவன் முகத்தை நேராகப் பார்க்க இவளால் முடியவில்லை. பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொள்ளும். உடனே துடைப்பத்தை எடுப்பாள்.

அவன் வேலை முடிந்து வரும் நேரம். கறையில் சுண்டுவிரல், அத்தைக்கு இருந்தது போலவே, கோணலாக உள்பக்கம் மடிந்திருந்தது. வேறு யாருடைய கை என்று அவனிடம் சொல்வது? வாளியைக் கொண்டுவந்தாள். தேய்த்தாள். கறை போனது. நிமிர்ந்தால், சற்றுத் தள்ளி இன்னொன்று, ஈரமாக, இப்போதுதான் வைத்தது போல. அதையும் தேய்த்தாள். வாளித் தண்ணீர் தரையில் சிந்திப் பரவியது.

குளியலறைப் பக்கம் வெளிச்சம் மங்கிக் கிடந்தது. அங்கிருந்து ஒரு சத்தம். வெறுங்காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம்.

சரக்.

நின்றது.

சரக்.

தைல நெடி முகத்தில் அடித்தது. அவளுக்கும் அந்தச் சத்தத்துக்கும் நடுவே சுவரில் ஒரு கை. அதற்கு இந்தப் பக்கம் இன்னொரு கை.

"மன்னிச்சிடுங்க அத்தை."

பின்னால் நகர்ந்தாள். ஈரம். கால் வழுக்கியது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

கை சுவரைத் தொடவில்லை. சில்லென்ற, எண்ணெய் பிசுபிசுக்கும் விரல்கள் அதைப் பிடித்து நிறுத்தின.

"செவுத்துல கை வைக்காதம்மா, அழுக்காயிடும். என்னைப் புடிச்சுக்கோ."

வாசலில் சாவி திரும்பியது. கணவன் பையோடு நடையின் முனைக்கு வந்து நின்றான். அவன் பார்த்தது இவளை அல்ல, இவளுக்குப் பக்கத்தில்.

"ஏம்மா," என்றான் மெதுவாக, "அன்னிக்கு நீ செவுத்தைப் புடிச்சுக்கக் கூடாதா?"

"அவளையே கேளுப்பா."

இவள் மணிக்கட்டைச் சுற்றி அந்தக் கோணல் சுண்டுவிரல் இன்னும் கொஞ்சம் மடிந்தது.